ஒன்பதாவது செருப்பு

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கச்சி மகன், சாத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு வித்தை காட்டினான். உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்தாலும் போதும். நடுவே எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., நாலு மணி நேரம். மதுரையிலிருந்து டோக்கியோ சுமார் 6,900 கி.மீ., எட்டரை மணி நேரம். சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பட்டம் கொடுத்தார்களே, அந்தக் குட்டிக்கும் அதன் தாய்க்கும் நடுவே இவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மாமா, நீங்க ஒரு ஊர் சொல்லுங்க."

"நாக்பூர்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கக்கூட எங்கள் பக்கத்து ஆள் யாரும் நாக்பூர் போனதில்லை. "நாக்பூர்ல யாரு மாமா இருக்கா?"

"நம்ம ஊரு உசிரு அங்கதான்டா இருக்கு. போட்டுப் பாரு."

போட்டான். நேர்கோட்டில் சுமார் 1,250 கி.மீ. நேரடி விமானம் ஒன்று பறந்தால் ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள். பூமி உருண்டை என்பதால் அதன் மேல் நேர்கோடு என்பதே ஒரு வளைவுதான், பெருவட்டத்தின் துண்டு என்று விளக்கவும் செய்தான். வளைவைக் கோடு என்று சொல்வது அரசாங்கக் கணக்கில் எங்களுக்குப் பழகிப்போனது என்பதால் உடனே புரிந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆலை என்று சொல்ல மாட்டார்கள். வெடி ஆபீஸ் என்பார்கள். "அக்கா எங்க வேலை பாக்குது?" "ஆபீஸ்ல." இதைக் கேட்டு மேஜையையும் மின்விசிறியையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். மின்சாரம் கிடையாது. தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே இருப்பது மருந்து. ஆமாம், அதற்கும் எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் மருந்து.

இந்த ஆபீஸ்களில் ஒரு படிநிலை உண்டு. டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். நாட்டின் வெடிபொருள்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அமைப்பான பெசோவின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. மற்ற இரண்டும் சின்னது, நடுத்தரம். நாக்பூர் என்றால் எம்.ஏ., பி.எச்.டி. மாதிரி. வெடித்துச் சிதறிய மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள்: "நாக்பூர் உரிமம் பெற்ற இந்த ஆலையில்" என்றுதான் செய்தி தொடங்கும். செத்தவர் பெயர் மூன்றாவது பத்தியில் வரும். லைசென்ஸ் வாங்கிய பட்டம் முதல் வரியிலேயே வந்துவிடும்.

அந்த நாக்பூரில் ஒரு கல்தூண் இருக்கிறது. வெள்ளைக்காரன் இந்தியாவை அளந்த காலத்தில் நட்டது. ஜீரோ மைல் என்று பெயர். பக்கத்தில் நாலு குதிரைச் சிலைகள். இந்தியாவின் நடுப்புள்ளி இதுதான், எல்லாத் தூரமும் இங்கிருந்தே தொடங்குகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்து வெம்பக்கோட்டையில் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே எத்தனை மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது நாக்பூரில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு அறையில் எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதும் அங்கேதான். எத்தனை பேர் உட்காரலாம் என்பதும் அங்கேதான். எல்லாம் ஜீரோவில் தொடங்குகிறது. அது ஜீரோவிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் எங்கள் புகார்.

எத்தனை பேர் உட்காரலாம்? பட்டாசு செய்யும் அறை ஒன்றில் அதிகபட்சம் நாலு பேர். இதை எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதிகாரிகள் கண்டுபிடிக்கும் புதிய உண்மையும் இதுதான்: "நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் இருந்தது விசாரணையில் தெரியவந்துள்ளது." கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்ததாவது ஒரு தடவைதான். இவர்கள் இதே கரையை வருஷத்துக்கு நாலு தடவை கண்டுபிடிக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க விசாரணை எதற்கு? மருந்து அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். ஒரு சின்ன உராய்வு போதும், எல்லாம் முடிந்துவிடும். அதனால் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நாலு பேர் என்றால் வாசலில் எட்டுச் செருப்பு. ஒன்பதாவது செருப்பு கண்ணில் பட்டால் சட்டம் மீறப்பட்டிருக்கிறது. வேதியியல் பட்டம் வேண்டாம், கருவி வேண்டாம், நாக்பூரிலிருந்து குழு வர வேண்டாம். எட்டு வரைக்கும் எண்ணத் தெரிந்த ஒரு ஆள், வாரத்துக்கு ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலைப் பார்த்தால் போதும்.

அந்த ஆளைத்தான் சுதந்திர இந்தியா இதுவரை உற்பத்தி செய்யவில்லை.

சாமானியனும் பறக்க வேண்டும் என்று 2016-ல் உடான் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஹவாய் செருப்புப் போட்டவரும் ஹவாய் ஜஹாஸில், அதாவது விமானத்தில், ஏற வேண்டும் என்பது பிரதமரின் விருப்பமாம். இந்தியில் எதுகை நன்றாக இருக்கிறது. எங்கள் பெண்கள் காலையில் ஆபீஸ் வேனில் தூக்குவாளியோடு ஏறும்போது காலில் இருப்பதும் அதே ரப்பர் செருப்புதான். அவர்கள் விமானத்தில் ஏறவில்லை. ஆனால் பறக்கவில்லை என்று சொல்ல முடியாது. அறை வெடித்தால் கூரை பறக்கிறது, சுவர் பறக்கிறது, உள்ளே இருந்தவர்கள் எத்தனை மீட்டர் தூரத்தில் கிடந்தார்கள் என்று மறுநாள் செய்தியில் வருகிறது. உடான் திட்டத்தில் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு உண்டு. இந்தப் பயணத்துக்கு டிக்கெட்டே கிடையாது.

விமானத்துக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் உறவே இல்லை என்று சொன்னால் பாவம். சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குக் காமராஜர் பெயர். 1903-ல் விருதுநகரில் பிறந்தவர். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தும் சாகும்போது சொத்தில்லாமல் செத்தவர். பிள்ளைகள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் வரட்டும் என்று மதியச் சோறு போட்டவர். அவர் பெயர் விமானம் ஏறிவிட்டது. அவர் ஊர், 2018-ல் நிதி ஆயோக் போட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் ஏறியது. பின்தங்கியது என்று சொன்னால் மனசு நோகும் என்று விழைகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் விழைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது விமானத்தின் பக்கம் வருவோம். மாப்பிள்ளை திரும்பிப் போகும்போது அவன் மகன், ஏழு வயசு, சட்டைப் பையில் ஒரு பாக்கெட் பொட்டு வெடியை ஒளித்து வைத்திருந்தான். சிவப்பு வளையம், துப்பாக்கியில் போட்டு டப் டப் என்று அடிப்பது. விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். மூன்று பேர் கூடி நின்று, பையைக் கொட்டி, பையனைத் தனியே நிறுத்தி, பாக்கெட்டைப் பறித்துக்கொண்டுதான் விட்டார்களாம். பட்டாசு என்றால் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. கம்பி மத்தாப்புகூடக் கூடாது. எங்கள் மாவட்டத்தின் இன்னொரு பிள்ளையான தீப்பெட்டிக்கும் அனுமதி இல்லை. பையன் அழுதான். நான் அழவில்லை. போனில் கேட்டதும் கைதட்டினேன். சட்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டு வெடிக்கு மூன்று காவலர்.

இன்னொன்றையும் யோசித்தேன். விமானத்தில் இருக்கை இல்லாமல் ஒரே ஒரு பயணி கூடுதலாக ஏறிவிட்டால் விமானம் நகராது. தலையை எண்ணுவார்கள். கணக்கு இடித்தால் மறுபடி எண்ணுவார்கள். "சீசன் நேரம் சார், கொஞ்சம் நெருக்கி உட்காருங்க" என்று எந்த விமானியும் சொல்ல மாட்டார். "உள்ளே இடமில்லையா, இறக்கைக்கு அடியில் மரத்தடியில் உட்காரும்மா" என்றும் சொல்ல மாட்டார். விமானத்தை வாங்கியவர் அதிலுள்ள நாற்பது வரிசையையும் நாற்பது பேருக்கு உள்குத்தகைக்கு விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர மாட்டார்.

எங்கள் பக்கம் இதெல்லாம் நடக்கிறது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். லைசென்ஸ் ஒருவர் பெயரில். அறைகள் பலருக்கு உள்குத்தகையில். இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குத்தகைக்காரனுக்கு அவசரம், ஏனென்றால் குத்தகைக் காசு எடுக்க வேண்டும். தொழிலாளிக்கு அவசரம், ஏனென்றால் கூலி பீஸ் கணக்கு. மருந்துக்கு மட்டும் அவசரம் கிடையாது. அது பொறுமையாக ஒரு உராய்வுக்காகக் காத்திருக்கும்.

விமான நிலையத்தில் புறப்பாட்டுப் பலகை என்று ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு பலகை இருக்கிறது. படித்துக் காட்டுகிறேன்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. புறப்பட்டவர்கள் 38 பேர். இதில் பலர் ஆபீஸில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடியைக் கேட்டுக் காப்பாற்ற ஓடி வந்து, அடுத்த வெடியில் அகப்பட்டவர்கள்.

2016 அக்டோபர் 20, சிவகாசி நகருக்குள்ளேயே. பட்டாசு ஏற்றிய இடத்தில் தீ. பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அவர்களில் உடம்புக்கு என்ன என்று பார்க்க வந்தவர்களும் உண்டு.

2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி. ஒரே நாளில் இரண்டு புறப்பாடு. 14 பேர்.

2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி. 10 பேர். அதே வருஷம் மே 9, செங்கமலப்பட்டி. அன்றைக்கே 8 பேர்.

2025 ஜனவரி 4, பொம்மையாபுரம். 6 பேர். ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. எட்டுக்குக் குறையாமல்.

இது முழுப் பட்டியல் இல்லை. முழுதாகப் போட்டால் இந்த இதழில் வேறு கட்டுரைக்கு இடம் இருக்காது. தாமதம், ரத்து என்று எதுவும் இந்தப் பலகையில் வராது என்பதை மட்டும் கவனியுங்கள். நேரம் தவறாத ஒரே சேவை எங்களுடையது.

கட்டண உயர்வும் உண்டு. முதலிப்பட்டியில் செத்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 2 லட்சம். அச்சங்குளத்தில் 3 லட்சம். சின்னக்காமன்பட்டியில் 4 லட்சம். பதிமூன்று வருஷத்தில் இரண்டு லட்சம் ஏறியிருக்கிறது. ஆட்சி மாறினாலும் இந்த முன்னேற்றம் தடைபடவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரு கொள்கையில் கைகோத்து நிற்கின்றன என்றால் அது இதுதான்: சாவைக் குறைப்பது கடினம், ரேட்டைக் கூட்டுவது சுலபம்.

சின்னக்காமன்பட்டிக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னால், 2025 ஜூன் 12 அன்று, அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களும் செத்தார்கள். நாடே அழுதது, நானும் அழுதேன். டாடா குழுமம் தலைக்கு 1 கோடி அறிவித்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது அதிகம் என்று சொல்கிறவன் மனுசனே இல்லை. பெற்ற பிள்ளைக்கு எந்தக் கோடி ஈடு? ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. 1 கோடியை 4 லட்சத்தால் வகுத்தால் 25. ஒரு விமானப் பயணிக்கு இருபத்தைந்து வெடி ஆபீஸ் தொழிலாளி சமம். அது கம்பெனி கொடுத்தது, இது அரசு கொடுத்தது, ஆலைக்காரர் கொடுப்பது தனி, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று கணக்கப்பிள்ளைகள் திருத்துவார்கள். சரி, காசை விட்டுவிடுவோம். வேறொன்றை ஒப்பிடுகிறேன். அந்த விமானத்தின் கறுப்புப் பெட்டியைத் தேடி எடுத்து, கடைசி நொடிகளில் எந்த விசை எப்போது நகர்ந்தது என்று பிரித்துப் பார்த்து, ஒரே மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வெளியிட்டார்கள். உலகமே அதைப் படித்தது. எங்கள் அறையில் கடைசி நொடியில் என்ன நடந்தது?

உராய்வு.

அவ்வளவுதான் அறிக்கை. "மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக." எனக்கு விவரம் தெரிந்த நாளாக எங்கள் மாவட்டத்தின் எல்லா விபத்துக்கும் ஒரே குற்றவாளி இவன்தான். ஊர் தெரியாது, அப்பன் பேர் தெரியாது, ஜாமீன்கூடக் கேட்பதில்லை. இவனுக்கு உடந்தை என்று போர்மேனைப் பிடிப்பார்கள். உரிமையாளர் தலைமறைவு என்பார்கள். குழு அமைப்பார்கள். ஆய்வு தீவிரம் என்பார்கள். ஆய்வு தீவிரமாகும்போது நல்ல ஆபீஸ்களும் பயந்து சில நாள் அடைத்துவிடும். கூலி இல்லாமல் போவது யாருக்கு? உராய்வுக்கா?

எல்லாக் குறிப்பிலும் இன்னொரு வரியும் தவறாமல் வரும்: "மேல்சிகிச்சைக்காக மதுரைக்கு." சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. 2022-லிருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இருந்தாலும் கை மீறினால் மதுரைதான். நேர்கோட்டில் சிவகாசியிலிருந்து மதுரைக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர். மாப்பிள்ளையின் கைபேசிக் கணக்குப்படி பறந்தால் ஐந்து நிமிடம். 108 வண்டி தரையில் ஓடுவது எழுபதுக்கு மேல். வெம்பக்கோட்டைக் காட்டுக்குள்ளிருந்து புறப்பட்டால் இன்னும் கூடுதல். உடம்பில் முக்கால்வாசி வெந்தவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு மைல் கல். ஓட்டுக் கேட்க வரும் பெரிய மனிதர்களுக்கு இதே கரிசல் மண்ணில் ஒரே ராத்திரியில் ஹெலிகாப்டர் தளம் முளைக்கிறது. நோயாளிக்கு முளைப்பதில்லை. மண்ணில் ஏதோ குறை போலிருக்கிறது.

டீக்கடையில் அன்றைக்கு, டெல்லியையும் கேட்டுவிடுவோம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். மதுரையிலிருந்து சுமார் 2,080 கி.மீ. மூன்று மணி நேரம். இவ்வளவு தூரத்தையும் கடந்து எங்கள் பட்டாசுப் புகை டெல்லி மூக்கில் ஏறியது. 2015-ல் கைக்குழந்தைகள் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்றது. டெல்லிக் குழந்தையின் நுரையீரல் எனக்கும் வேண்டும். சுவாசிக்க முடியாத பிள்ளையின் பெயரில் கோர்ட்டுக்குப் போன பெற்றவர்களை நான் பழிக்க மாட்டேன். ஒரே ஒரு சந்தேகம். பட்டாசு வெடித்தால் புகை மட்டுமா வரும்? சத்தமும் வருமே. புகை எட்டிய இடத்துக்கு முதலிப்பட்டியின் சத்தம் ஏன் எட்டவில்லை? சுவாசிக்கிறவன் மாசைப் பற்றி இத்தனை பக்கம் உத்தரவு. கலக்குகிறவள் கையைப் பற்றி எத்தனை பக்கம்? அந்தப் பேரியத்தை வெறும் கையால் அள்ளியது எங்கள் ஊர்ப் பெண். டெல்லிக்கு அது வருஷத்தில் ஒரு ராத்திரி. அவளுக்கு அது முந்நூறு நாள்.

பழியை வடக்கே தள்ளிவிட்டு நாம் தப்பிக்கவும் வேண்டாம். புரட்டாசி பிறந்தால் நாற்கரச் சாலை நெடுக "80 சதவீதம் தள்ளுபடி" என்று பேனர் தொங்கும். காரை நிறுத்தி, பேரம் பேசி, தொண்ணூறாக்கிவிட்டு டிக்கியை நிரப்பிக்கொண்டு போகிறோமே, அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தராவது கேட்டோமா? நாலு பேர் அறையில் ஏழு பேர் உட்கார்ந்தால்தான் அந்த விலை கட்டும். கூடுதல் மூன்று பேரை உள்ளே அனுப்பியதில் நம் பேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தனையும் கேட்டுவிட்டு, பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருந்த பழைய போர்மேன் அண்ணாச்சி சொன்னார்: "நாக்பூர் தூரம் தம்பி. அங்க உக்காந்து இங்க எப்படிப் பாப்பாங்க? பாவம் அவங்களும்."

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு செய்தி படித்தேன். 2023 டிசம்பர் 17. பஜார்காவ். ஒரு வெடிபொருள் ஆலை வெடித்து 9 பேர் சாவு, பலர் பெண்கள். பஜார்காவ் எங்கே இருக்கிறது தெரியுமா? நாக்பூர் பக்கத்தில். ஜீரோ மைல் தூணிலிருந்து காரில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆறு மாதம் கழித்து, 2024 ஜூனில், அதே நாக்பூர் பக்கம் தாம்னாவில் இன்னொன்று. விமானம் தேவையில்லை. ஸ்கூட்டர் போதும்.

2024 ஜனவரியில் இன்னொரு செய்தி. நாக்பூர் பெசோவில் துணைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பதவியில் இருந்த இரண்டு பேரை லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கு எங்கள் ஊர் ஆபீஸ் சம்பந்தப்பட்டதல்ல. குற்றமா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். எனக்கு அதில் ஒரு விஷயம்தான் உறைத்தது. லைசென்ஸுக்கு அலையும் ஆளுக்கு நாக்பூர் தூரமாக இருந்ததே இல்லை.

சிவகாசியிலேயே பெசோவுக்குக் கிளை அலுவலகம் உண்டு. பட்டாசு ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பட்டாசுக்கென்றே தனி வட்டாட்சியர் உண்டு. தொழிலகப் பாதுகாப்புத் துறை உண்டு. ஆலையிலிருந்து இந்த அலுவலகங்களுக்குப் போக டவுன் பஸ் போதும். தூரம் எங்கே இருக்கிறது?

நூறு வருஷத்துக்கு முன்னால் சிவகாசிக்காரர்கள் இரண்டு பேர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பறவை பறக்கும் கணக்கிலேயே 1,800 கி.மீ. மொழி தெரியாது, ஊர் தெரியாது. மாதக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்த இரண்டு பேரின் பயணத்தில்தான் இந்த வட்டாரத்துக்கே சோறு கிடைத்தது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் ஆத்தாமார் உலை வைத்தது அந்தக் காசில்தான். அதனால் தொழிலே வேண்டாம் என்று என் வாய் சொல்லாது. சொல்ல வருவது வேறு. இங்கே செய்த வெடி காஷ்மீர் வரைக்கும் லாரியில் போகிறது. அலுமினியப் பவுடர் வருகிறது, காகிதம் வருகிறது, கம்பி வருகிறது, ஆர்டர் வருகிறது, பணம் வருகிறது. தூரம் எதையும் தடுக்கவில்லை. வேலிக்கும் அறை வாசலுக்கும் நடுவே உள்ள நூறடியைத்தான் கடக்க ஆளில்லை.

ஆகவே அரசாங்கத்துக்கு என்னால் ஆன ஒரு யோசனை. விருதுநகர் மாவட்டத்துக்கு விமான நிலையம் கேட்கவில்லை. அதற்கு நிலம் எடுக்க வேண்டும், அடிக்கல் நாட்ட வேண்டும், அடுத்த தேர்தலுக்கு அதே கல்லை மறுபடி நாட்ட வேண்டும். வேண்டாம். இருக்கிற அறைகளையே விமானமாக அறிவித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் நாலு இருக்கை கொண்ட, தரையிலேயே நிற்கிற விமானம். உள்ளே ஏறுமுன் தலையை எண்ணுங்கள். ஐந்தாவது ஆள் வந்தால் புறப்பாடு ரத்து. லைசென்ஸ் வாங்கியவர்தான் ஓட்ட வேண்டும், உள்குத்தகை ஆசாமி விமானி அறைக்குள் வரக் கூடாது. வெயில் கடுமையான மதியத்தில் பறக்கத் தடை. விழுந்தால் முப்பது நாளில் அறிக்கை. அதில் உராய்வு என்ற சொல்லைப் பயன்படுத்தினால், யாரோடு யார் உராய்ந்தார் என்று பெயரோடு எழுத வேண்டும். பயணிகளுக்கு உரிமை என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, விமானம் தாமதமானால் சாப்பாடு கொடுக்க வேண்டுமாம். எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம். தூக்குவாளியில் கொண்டு வந்திருக்கிறோம். அதைச் சாப்பிடுவதற்கு மதியம் வரைக்கும் உயிரோடு இருந்தால் போதும்.

இந்த யோசனை நாக்பூருக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தபாலில் போட்டால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். கோப்பில் போட்டால் எத்தனை வருஷம் என்று மாப்பிள்ளையின் கைபேசியைக் கேட்டேன். அந்தக் கணக்கு அதற்குத் தெரியவில்லை.

அவன் ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இறங்கியதும் போன் செய்தான். "பொட்டு வெடியப் பறிச்சதோட விடல மாமா. பாதுகாப்புச் சோதனைல என் ஷூவையும் கழட்டச் சொல்லி, தட்டுல வெச்சு, மெஷினுக்குள்ள விட்டுப் பாத்தாங்க. ரெண்டு தடவ."

நல்லது என்றேன். ஒரு ஆளின் ஒரு ஜோடிச் செருப்பை இந்த நாடு இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறது என்று கேட்கவே மனசு நிறைந்தது. நாளைக் காலையில் ஏழு மணிக்கு ஆபீஸ் வேன் வரும். பெண்கள் இறங்கிப் போய் அறை வாசலில் கழற்றிப் போடுவார்கள். வார் அறுந்து ஊக்குக் குத்தியது, குதிகால் தேய்ந்தது, மகள் பழசாக்கிக் கொடுத்த பூப்போட்டது. அந்த மெஷின் வேண்டாம். சும்மா ஒரு ஆள் வந்து எண்ணட்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

ஒன்பதாவதைப் பார்த்ததும், ஐயா, தயவுசெய்து நாக்பூருக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கதவைத் தட்டி, ஆத்தா வெளியே வா என்று கூப்பிடுங்கள்.